முதுகுக்குப் பயந்த வீடு

பாலக்கரைப் பட்டறையில் பஞ்சு அடிக்கும் வில்லின் சத்தம் நின்றால் கமருன்னிசாவுக்கு நெஞ்சு படபடக்கும். வில் நின்றுவிட்டது என்றால் புருஷன் ஹபீபுல்லா பஞ்சு அடிப்பதை விட்டு எழுந்துவிட்டார், புருவத்தில் ஒட்டிய பஞ்சைத் துண்டால் தட்டிக்கொண்டு உள்ளே வரப்போகிறார் என்று அர்த்தம். வந்தவர் கட்டில் ஓரமாக நின்று, "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்பார். அவள் "இருக்கு" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்கே மனிதர் முகம் வாடிப்போகும். மறுநாள் மெத்தையைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் இலவம்பஞ்சு திணித்து, கோணி ஊசியால் தைத்துக் கொண்டுவந்து போடுவார்.

மெத்தைக்காரருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதானே. மூன்று வருஷமாக அந்தக் கட்டிலில் மெத்தைமேல் மெத்தையாக ஏறி, நடுவில் குழி விழுந்து, கமருன்னிசா அந்தக் குழிக்குள் புதைந்து கிடந்தாள். எதிர்வீட்டு வீரம்மாள் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, ஆளைக் காணோம், பஞ்சு மட்டுந்தான் தெரியுது" என்று சிரித்தாள். தெருவில் அதுவே பேச்சாகிவிட்டது. கொடுத்து வைத்தவள், மகாராணி மாதிரி படுத்திருக்கிறாள் என்றார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். பாலக்கரை வாய்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

மகள் நசீரா கைக்குழந்தையாக இருந்தபோது வந்த வினை இது. முற்றத்தில் வெயிலுக்குப் போட்டிருந்த மெத்தைமேல் திடீரென்று மழை கொட்டியது. பட்டறையில் ஆள் இல்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்பு என்று யோசிக்காமல், நனைந்த மெத்தையை ஒரே மூச்சில் தூக்கிவிட்டாள் கமருன்னிசா. இடுப்பில் ஏதோ வெடுக்கென்று பிடித்தது. அதோடு உட்கார்ந்தவள்தான். ஹக்கீம் வந்து, அசையாமல் படுத்திருக்கட்டும் என்று சொல்லி எண்ணெய் கொடுத்தார். எத்தனை நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை, வீட்டில் யாரும் கேட்கவுமில்லை. எண்ணெய் தீர்ந்தது, ஒத்தடம் கொடுத்தார்கள், நத்தர்வலி தர்காவில் பாத்திஹா ஓதித் தாயத்துக் கட்டினார்கள். படுக்கை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இப்போது வலியைவிட, வலி வந்துவிடுமோ என்ற பயம்தான் அவளை ஆட்டிவைத்தது. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். சிரிப்பு வந்தால் உதட்டைக் கடித்துக்கொள்வாள். கொல்லைப்பக்கம் போக எழுந்தால் மாமியார் ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம். நசீரா ஓடிவந்து கட்டிலில் ஏறப் பார்த்தால் வீடே பதறும்: "ஏறாதடி! அம்மாவுக்கு முதுகு!" பிள்ளைக்கு அது பழகிப்போய், கட்டிலுக்கு எட்ட நின்றே அம்மாவைப் பார்க்கும். பெற்ற வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் "வா" என்று கூப்பிட அவளுக்கும் தைரியம் இல்லை.

எல்லாப் பயத்துக்கும் அடியில் ஒரு பயம் உண்டு. துறையூரில் அவள் தகப்பனாரின் தங்கை சுராயா இப்படித்தான் முதுகு வலி என்று புருஷன் வீட்டிலிருந்து வந்து படுத்தாள். சுகமானதும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்ற புருஷன் மறுவருஷமே வேறு நிக்காஹ் செய்துகொண்டான். பின்கட்டு அறையில் படுத்தபடியே கிடந்து, முதுகெல்லாம் புண் வைத்து, அங்கேயே மௌத்தானாள். சின்னப்பெண்ணாக இருந்த கமருன்னிசா அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய் ஊட்டியிருக்கிறாள். அந்த அறையின் வாடை இன்னும் அவள் மூக்கை விட்டுப் போகவில்லை.

அது முப்பத்தேழாம் வருஷத்து ஐப்பசி. அடைமழை. காவிரியும் கொள்ளிடமும் ஒன்றாகப் போகிறது என்று சந்தையில் பேச்சு. ஈரத்தில் பஞ்சு எழும்பாமல் பட்டறையில் வேலை மந்தமாக இருந்தது. அடுப்படியில் மாமியார் சாரா பீவி ஈர விறகை ஊதிக்கொண்டே மகனிடம் பேசியது, நடுவில் ஒரு தட்டியே இருந்ததால், கட்டில்வரை தெளிவாகக் கேட்டது.

"நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத வாப்பா. துறையூர்ல அவ அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வா."

"எத்தனை நாளைக்கும்மா?"

"சொகமாகுற வரைக்கும்."

"சொகமாகலேன்னா?"

சாரா பீவி அடுப்பை இன்னொரு தடவை ஊதினாள். பிறகு, "எனக்கும் முட்டி தேயுது. தெருப் பொண்ணுங்களுக்கு ஓதிக் குடுக்கணும், ஒலை வைக்கணும், புள்ளையப் பாக்கணும். நான் கண்ண மூடிட்டா இந்த வீட்டுக்கு யாரு இருக்கா? உனக்கு அப்படி என்ன வயசாயிடுச்சு?" என்றாள்.

ஹபீபுல்லா எழுந்து பட்டறைக்குப் போனார். கமருன்னிசாவுக்குச் சுராயாவின் புருஷன் நினைவுக்கு வந்தான். மாமியார் கெட்டவள் அல்ல. அவளைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிட்டு, முகம் சுளிக்காமல் தலை வாரிவிடுபவள். அவளே சொல்கிறாள் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்றுதான் பொருள்.

அந்த மழையிலேதான் வைஜயந்தி வந்தாள். ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பெண். கல்யாணமான மறுவருஷமே புருஷனை இழந்தவள். தகப்பனார் ராஜகோபாலன், அக்கிரகாரத்துப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல், மதராஸுக்கு அனுப்பி நர்ஸ் படிப்புப் படிக்கவைத்தார். இப்போது தினமும் பாலம் தாண்டி வந்து டவுனில் பெண்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். குடையை மடக்கிக்கொண்டு பட்டறை வாசலில் நின்றவள் கேட்டதைக் கேட்டு ஹபீபுல்லா வில்லைக் கீழே வைத்துவிட்டார்.

"மெத்தை தட்டையா இருக்கணும். படுத்தா அமுங்கவே படாது. பலகை மாதிரி."

"அம்மா, பலகை மாதிரி வேணும்னா பலகையே வாங்கிக்கலாமே? எங்க பரம்பரைல இப்படி யாரும் கேட்டதில்லீங்க. எல்லாரும் மெதுவா வேணும், மெதுவா வேணும்னுதான் கேப்பாங்க."

"நேக்கு முதுகு வலி, பாய். மெத்துன்னு படுத்தா எழுந்துக்க முடியறதில்லே."

ஹபீபுல்லா சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். பிறகு, "எங்க வீட்டுலயும் முதுகுதாங்க" என்றார்.

வைஜயந்தி அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போனாள். சாரா பீவி கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தாள். அதையும் வீரம்மாள் பார்த்துவிட்டாள் என்பது வேறு கதை. கட்டிலையும் குழியையும் பார்த்தாள். கமருன்னிசாவின் இரண்டு பாதங்களையும் தன் கையை எதிர்த்து அழுத்தச் சொன்னாள். கொண்டை ஊசி முனையால் விரல் விரலாகத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டாள். ஒன்றுக்கு, ரெண்டுக்கு அடக்க முடிகிறதா, காய்ச்சல் உண்டா, உடம்பு தானாக இளைக்கிறதா என்று விசாரித்தாள். பிறகு குனிந்து, மெள்ளக் கேட்டாள்.

"பயமா இருக்கா?"

மூன்று வருஷத்தில் வலிக்கிறதா என்று கேட்காதவர் கிடையாது. இதை மட்டும் யாரும் கேட்டதில்லை. கமருன்னிசாவுக்குக் கண்ணில் நீர் கொட்டிவிட்டது.

"எழுந்தா ஒடிஞ்சுடும்னு இருக்குங்க. உள்ள ஏதோ நூல்ல தொங்குற மாதிரி."

"நேக்கும் அப்படித்தான் இருந்தது. நோயாளியைத் தூக்கறச்சே புடிச்சுண்டது. மூணு மாசம் படுத்துண்டேன். கால் ரெண்டும் குச்சியாப் போச்சு, வலி மட்டும் குண்டா இருந்தது. எங்க டாக்டரம்மாதான் எழுப்பி விட்டா. சொல்றேன், கேளுங்கோ. காயம் பட்டது என்னிக்கோ. அது ஆறிடுத்து. வலிக்கறதுன்னா உள்ளே ஒடையறதுன்னு அர்த்தமில்லே. படுத்துப் படுத்துச் சதையெல்லாம் செத்திருக்கு, அதான் சத்தம் போடறது."

"அப்ப வலி போயிடுங்களா?"

"பொய் சொல்ல மாட்டேன். நேக்கு இன்னும் போகலே. ஆனா நான் பாலம் தாண்டி வந்துண்டுதானே இருக்கேன்?"

செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தாள். இந்தக் குழியை விட்டுப் பாயில் படுக்க வேண்டும். மல்லாந்து, முழங்காலை ஒவ்வொன்றாக மடக்கி நீட்ட வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிவரை நடந்து திரும்ப வேண்டும். வலி கொஞ்சம் கூடினால் பாதகமில்லை, மறுநாளும் இறங்காவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும். கால் மரத்தாலோ, நடக்கையில் கால் துவண்டு விழுந்தாலோ, நீர் பிரிவது தெரியாமல் போனாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

கிளம்பும்போது வாசலில் திரும்பினாள். "ஒண்ணு மறந்துட்டேன். வலி இல்லாத நாள் ஒண்ணு வரும். அன்னிக்குத்தான் ஜாக்கிரதையா இருக்கணும். அன்னிக்கும் அதே அளவுதான்."

கமருன்னிசா தலையாட்டினாள். வலி இல்லாத நாளுக்குப் பயப்படுவதாவது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

ஹபீபுல்லாவுக்கு இதெல்லாம் அறவே பிடிக்கவில்லை. மெத்தையை எடுக்கச் சொன்னது அவருக்குத் தொழிலைப் பழித்த மாதிரியும் இருந்தது, பெண்டாட்டியைக் கிணற்றில் தள்ளச் சொன்ன மாதிரியும் இருந்தது. "ஆழம் தெரியாம கால விடாத கமரு. நான் ஒன்ன ஏதாவது சொன்னேனா? எத்தனை வருஷமானாலும் படுத்துக்க. நான் பாத்துக்கறேன். எழுந்து ஏதாச்சும் ஆயிட்டா நான் என்ன செய்வேன்?" என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அடுப்படிப் பேச்சை அவள் கேட்டுவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது.

"நான் படுத்தா நீங்க பாத்துக்குவீங்க. மாமிக்கு அப்புறம் நம்ம ரெண்டு பேரையும் யாருங்க பாப்பாங்க?" என்றாள் அவள்.

அவர் பட்டறைக்குப் போனதும் தரையில் கால் ஊன்றினாள். சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. ஒரு கை சுவரில், ஒரு கை இடுப்பில். இடுப்பில் சுருக்கென்று குத்தியது. இதோ ஒடியப்போகிறது, இதோ, இதோ என்று காத்திருந்தாள். ஒடியவில்லை. கிணற்றடி போய்ச் சேர்ந்தபோது ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. கொல்லையிலிருந்து வந்த சாரா பீவி அவளைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த செம்பைப் போட்டு, "யா அல்லா! இவ நம்மள ஜெயிலுக்கு அனுப்பப் போறா!" என்று அலறினாள். அலறியவள் வந்து பிடிக்கவும் செய்தாள். பிடித்துக்கொண்டே நடந்தபோது, மருமகளின் கால் தானாக எட்டு வைப்பதை அவள் கை உணர்ந்தது. அதனால்தான், அன்று மாலை மகனிடம் சொல்லும்போது, துறையூருக்கு நாளைக்கே என்று சொல்லாமல், "சரி, ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பாப்போம்" என்றாள்.

ரமலான் பிறந்தது. இத்தனை நாளும் கமருன்னிசா படுத்தபடியே, இமை அசைவில் குனிந்து நிமிர்ந்ததாகப் பாவித்துத் தொழுதுவந்தாள். இப்போது நாற்காலி போலக் கட்டிய பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்து தொழ முடிந்தது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி. ஒருநாள் கிணற்றடி தூரம் குறைந்தது போலிருக்கும். மறுநாள் பாயிலிருந்து எழுவதற்கே உயிர் போகும். ராத்திரி மழை பெய்தால் இடுப்பில் முதலில் தெரியும். பயம் மட்டும் நாள் தவறாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

அப்படி இருக்கையில் வந்தது அந்த நாள். மழை விட்டு வெயில் அடித்த முற்பகல். நோன்புக் கஞ்சிக்கு நொய்யரிசி வாங்க சாரா பீவி நசீராவைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். கமருன்னிசா பாயில் எழுந்து உட்கார்ந்தாள். ஏதோ குறைந்தது. என்ன என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வலி இல்லை.

வேறொருத்தியாக இருந்தால் ஆடியிருப்பாள், அல்லது அடுப்படியில் போய் ஆசைக்கு ஒரு குழம்பு வைத்திருப்பாள். கமருன்னிசாவுக்கு வேறு கணக்கு மனதில் இருந்தது. மூன்று வருஷமாக நின்று தொழாத தொழுகை, தரையில் நெற்றி படாத சுஜூது. எல்லாம் கடனாக ஏறிக்கிடக்கிறது என்று அவள் நம்பினாள். அத்தை சுராயாவும் இப்படிக் கடனோடுதான் போனாள் என்று துறையூரில் பெண்கள் கிசுகிசுத்தது அவள் காதில் ஏறியிருந்தது. நாளைக்கு வலி திரும்பி வந்துவிடும். உடம்பை அல்லா விட்டுவைத்திருக்கும்போதே அடைத்துவிட வேண்டும் என்று பாயை விரித்து நின்றுவிட்டாள்.

குனிந்தாள், நிமிர்ந்தாள், விழுந்தாள். நெற்றி தரையில் பட்டபோது அழுதுவிட்டாள். முடித்ததும் அடுத்தது, அது முடிந்ததும் அடுத்தது. நோன்பு வயிறு, உலர்ந்த நாக்கு. இடுப்பு ஒருமுறை எச்சரித்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று போனாள். நர்சம்மா சொன்னது நினைவுக்கு வந்தபோது சுஜூதில் இருந்தாள். எழ முடியவில்லை.

முதுகிலிருந்து முழங்கால்வரை இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய மாதிரி பிடித்துக்கொண்டது. பக்கவாட்டில் சாய்ந்தாள். வீட்டில் யாரும் இல்லை. பட்டறையில் வில் டொய்ங் டொய்ங்கென்று அடித்துக்கொண்டிருந்தது. கத்தினாலும் அதில் கேட்காது. துறையூர்ப் பின்கட்டு, கஞ்சிக் கிண்ணம், அந்த வாடை எல்லாம் திரண்டு வந்தன. போச்சு, நானே என் கையால் ஒடித்துக்கொண்டேன் என்று நடுங்கினாள். கால்விரலை அசைத்துப் பார்க்கப் பயம். அசையாவிட்டால்? வெகுநேரம் கழித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு அசைத்தாள். அசைந்தது.

சாரா பீவி வந்து பார்த்துப் போட்ட கூச்சலில் வீரம்மாள் வரை ஓடிவந்துவிட்டார்கள். ஹபீபுல்லா வில்லைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளைத் தூக்கினார். குழி விழுந்த மெத்தை திரும்பக் கட்டிலுக்கு வந்தது. அன்று சாயங்காலமே சாரா பீவி, துறையூர் போகிற மிளகாய் வியாபாரி குத்புதீனிடம், ஹஜ்ஜுப் பெருநாளன்று அண்ணன்காரன் வந்து தங்கச்சியைக் கூட்டிப்போகட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பலகை மெத்தைக்குப் பணம் கட்டிவிட்டு எடுத்துப்போக வந்த வைஜயந்தி, விஷயத்தைக் கேட்டு நேரே உள்ளே வந்தாள். மறுபடியும் பாதத்தை அழுத்தச் சொன்னாள், ஊசியால் தொட்டாள். "ஒண்ணும் ஒடையலே. சதை புடிச்சுண்டிருக்கு, ரெண்டு நாள்ல விடும். என்ன பண்ணேள்?"

கமருன்னிசா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கடனை அடைச்சேன்."

"என்னடி கடன்?" என்று சாரா பீவி நெருங்கி வந்தாள்.

"மூணு வருஷத் தொழுகை, மாமி. படுத்துக்கிட்டும் உக்காந்துக்கிட்டும் தொழுதது. மௌத்துக்கு முன்னாடி எல்லாத்தையும் களா தொழுதுடலாம்னு..."

சாரா பீவி அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் பாதிப் பெண்களுக்கு ஓதிக்கொடுக்கிறவள் அவள். தன் வீட்டு மருமகள் இப்படி ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டு கிடந்தது அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

"அடி பைத்தியக்காரி! தவறவிட்டதுக்குத்தானடி களா. நீ எந்த வக்தை, எந்த வேளையடி விட்டே? நிக்க முடியாதவ உக்காந்து தொழுவா, உக்கார முடியாதவ படுத்துத் தொழுவா. அது முழுத் தொழுகைடி. அரைத் தொழுகையின்னு யாரு சொன்னா?"

"சுராயா அத்தையை அப்படித்தானே சொன்னாங்க."

"சொன்னவ வாயில மண்ணு!" என்று சாரா பீவி சீறினாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?"

"பயமா இருந்துச்சு, மாமி."

கமருன்னிசா அப்போதுதான் தேம்பி அழுதாள். அழுதால் முதுகு குலுங்கி வலித்தது. வலித்தாலும் நிறுத்தவில்லை.

வைஜயந்தி கொஞ்சம் பொறுத்து, அந்தக் குனிவதும் நிமிர்வதும் எப்படி என்று செய்து காட்டச் சொல்லிக் கேட்டாள். முட்டி வலியோடு சாரா பீவியே செய்து காட்டினாள். "பேஷா இருக்கே இது. நான் சொல்லிக்குடுத்ததைவிட இதுல முதுகுக்கு வேலை ஜாஸ்தி. ஆனா எடுத்த எடுப்புல தரைவரைக்கும் வேண்டாம். நெத்தி படற எடத்துல ஒரு கெட்டித் தலகாணி போட்டுக்கட்டும். தெனம் ஒரே ஒரு வேளைக்கு. பழகப் பழகத் தலகாணியை மெலிசாக்கிண்டே வரலாம்."

தலையணைமேல் சுஜூது கூடுமா என்பது சாரா பீவியின் கவலை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டு, நோயாளிக்குக் கூடும் என்று பதில் வந்த பிறகே ஒப்புக்கொண்டாள். துறையூருக்குச் சொல்லி அனுப்பியதை மட்டும் அவள் திரும்பப் பெறவில்லை. "தொழுகை வேற, குடும்பம் வேற. இன்னொரு தடவை அந்த மாதிரி கெடந்தா என் நெஞ்சு வெடிச்சுடும்" என்றாள். அவளுக்கும் பயம்தான்.

தலையணையை ஹபீபுல்லா தைத்தார். வேண்டாவெறுப்பாகத்தான் தைத்தார், ஆனாலும் தையல் அவர் தையல், ஒரு நூல் கூட ஏறியிறங்கவில்லை. சில நாளுக்கு ஒருமுறை அவள் அதைப் பட்டறைக் கதவிடுக்கில் நீட்டுவாள். அவர் ஓரத்தைப் பிரித்து ஒரு பிடி பஞ்சை எடுத்துவிட்டுத் திரும்பத் தைத்துக் கொடுப்பார். பஞ்சு வைத்தே பழகிய கை. எடுப்பதற்கு அது ரொம்பத் தயங்கும். "இவ்வளவு போதுமா? கொஞ்சம் கம்மியா எடுக்கட்டுமா?" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். "போதுங்க. ஜாஸ்தி வேணாம்" என்பாள் இவள். நல்ல நாள் வந்தாலும் ஒரே வேளை, கெட்ட நாள் வந்தாலும் முடிந்த மட்டும் அதே வேளை. ஒருதரம் வலி கூடி, எடுத்த பஞ்சைத் திரும்ப வைக்கச் சொன்னாள். ஹபீபுல்லா வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

தை போய் மாசி வரப்போகிற சமயத்தில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. இதற்குள் கமருன்னிசா அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள், நின்று இடியாப்பம் பிழிந்தாள். பாதியில் படுத்துக்கொண்டு மிச்சத்தை மாமியாரிடம் விட்டாள். பெருநாள் காலை வீடெல்லாம் கறி வாசனை. துறையூரிலிருந்து அண்ணன் சேக் மைதீன் பஸ்ஸில் வந்து இறங்கி, சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் ஜட்காவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். மத்தியான பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவள் தகரப்பெட்டி கட்டித் தயாராகக் கூடத்தில் இருந்தது.

"பின்கட்டு ரூமை வெள்ளையடிச்சு வச்சிருக்கேன்மா" என்றான் அவன், தங்கை சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டு.

அது சுராயா கிடந்த அறை. ஹபீபுல்லாவைப் பார்த்தாள். அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மத்தியான லுஹர் தொழுதுட்டு வர்றேன் அண்ணே" என்று உள்ளே போனாள்.

தலையணை அப்போது அப்பளம் போல ஆகிவிட்டிருந்தது. நின்றாள். தன் வீட்டில் தொழும் கடைசித் தொழுகையோ என்னவோ. குனிந்தாள், நிமிர்ந்தாள், முழங்காலை ஊன்றிச் சுஜூதில் நெற்றியை வைத்தாள்.

அப்போதுதான் நசீரா ஓடிவந்தாள். பெருநாள் சட்டை, கண்ணில் சுர்மா. கட்டில்மேல் ஏறக் கூடாது என்றுதான் அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருந்தார்கள். தரையில் குனிந்து கிடக்கிற அம்மாவின் முதுகைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குதிரை கிடைத்த சந்தோஷத்தில், இரண்டு காலையும் போட்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நசீரா!" என்று கூடத்திலிருந்து ஹபீபுல்லா அலறிக்கொண்டு பாய்ந்தார். அவர் கையைச் சாரா பீவி எட்டிப் பிடித்தாள்.

"தொடாதே. திடுதிப்புன்னு இழுத்தா அவ துள்ளுவா. அதான் ஆபத்து. சுஜூதுல இருக்கறப்ப பேரப்புள்ளை முதுகுல ஏறினப்ப நபி ரசூலுல்லாவே எழுந்திருக்கல. எறங்குறப்ப எறங்கட்டும்."

சொன்னாளே தவிர, அவள் விரல்கள் மகனின் மணிக்கட்டில் பதிந்து போயிருந்தன. சேக் மைதீன் நிலைப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

கமருன்னிசாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அத்தனை வருஷம் எதற்குப் பயந்தாளோ அது முதுகுமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. இடுப்பில் சுள்ளென்று வலி எழுந்தது. இதோ ஒடியப்போகிறது என்று நினைத்தாள். மூச்சைப் பிடிக்காமல் விட்டாள். மறுபடி இழுத்து விட்டாள். பிள்ளையின் கனம் தெரிந்தது, தொடைச் சூடு தெரிந்தது. படுத்த நாளிலிருந்து இந்தக் கனத்தை அவள் அறிந்ததே இல்லை. இவ்வளவுதானா, இவ்வளவு கனம்தானா என் பிள்ளை என்று நினைத்தபோது நெற்றிக்கடியில் தலையணை நனைந்தது. வலி இருந்தது. முதுகும் இருந்தது.

நசீரா தன் இஷ்டத்துக்குக் கொஞ்ச நேரம் சவாரி செய்துவிட்டு, சறுக்கி இறங்கினாள். கமருன்னிசா கையை ஊன்றி, மெள்ள, மிக மெள்ள நிமிர்ந்தாள். மிச்சத்தை உட்கார்ந்தபடியே முடித்து, வலப்புறமும் இடப்புறமும் ஸலாம் சொல்லித் திரும்பியபோது மூன்று பேரும் செத்த முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வலிக்குதா?" என்றார் ஹபீபுல்லா.

"வலிக்குது" என்றாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்தாள். உதட்டைக் கடிக்காமல் சிரித்தாள்.

நசீரா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அம்மா, இன்னொரு தடவை! இன்னொரு தடவை குனி!"

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பிள்ளையை இழுத்து மடிமேல் சாய்த்துக்கொண்டு, "இன்னிக்கு இவ்வளவு போதும் கண்ணு. அப்புறம்" என்றாள். சொன்ன பிறகுதான் வாசலில் ஜட்கா நிற்பது நினைவுக்கு வந்தது.

பிள்ளை விடவில்லை. "அப்புறம்னா எப்ப?"

சாரா பீவி மகனின் கையை விட்டாள். கூடத்துக்குப் போய்த் தகரப்பெட்டியை அவளே இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்து, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"நாளைக்கு ஏறிக்கடி" என்றாள் பேத்தியைப் பார்த்து. "ஒங்கம்மா எங்க போயிடப் போறா?"